தாடை கட்டிய தம்பிராசாவுக்குப் பாலா, கோழியா?

சவாரித் திடலில் இரண்டு மாட்டு வண்டிகள் ஒன்றாக வெளிக்கிட்டால் முடிவுக் கோட்டைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, எந்த மாடு இழுக்கிறது, எந்த மாடு இழுக்கிற மாதிரி நடிக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லி முடிப்பவர் கரம்பொன் தம்பிராசா. திடலின் கடைசியில், புழுதிக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மாடு தெரியாது. அவர்கள் தம்பிராசாவின் குரலைக் கேட்டே கத்துவார்கள், துள்ளுவார்கள், பந்தயத்தில் தோற்றுப்போவார்கள்.

அந்தக் குரல் மூன்று இடங்களில் வளர்ந்தது. முதலாவது, தெற்கே மாத்தறையில் அவருடைய தகப்பனின் சுருட்டுக்கடை வாசல். பள்ளிக்கூடம் விட்டதும் பெடியனை வாசலில் நிறுத்தி, வீதியால் போகிற சனத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கூப்பிட வைத்தார் தகப்பன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடையும் போய், குடும்பம் கையை வீசிக்கொண்டு கரம்பொன் இருக்கிற தீவுக்குத் திரும்பியது. இரண்டாவது, பஸ். தம்பிராசா கண்டக்டராகி, யாழ்ப்பாணத்துக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் இருக்கிற தரிப்பிடங்களை எல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். மூன்றாவதுதான் சவாரி மேடை. இடப்பெயர்வெல்லாம் முடிந்து சனம் திரும்பி வந்து, திடலில் மறுபடி மாடு ஓடத் தொடங்கிய முதல் வருடம், அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாராவது கத்தத் தெரிந்தவர் வாருங்கோ என்று கேட்டார்கள். மீனலோசனி, அவருடைய மனைவி, தன் புருஷனை முதுகில் பிடித்துத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து மேடை அவருடையது. இப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஓய்வூதியம் வருகிறது, கொஞ்சத் தோட்டம் இருக்கிறது. ஆனால் வருடம் முழுவதும் அந்த மனிதன் காத்திருப்பது தை மாதத்துக்குத்தான். பொங்கலுக்குப் பிறகுதான் எங்கள் திடலில் பெரிய சவாரி.

போன கந்தசஷ்டி முடிந்து, கோயிலில் கட்டிய லவுட்ஸ்பீக்கரை வேப்பமரத்திலிருந்து இறக்கினார்கள். தம்பிராசா கீழே நின்று, "மெல்ல, மெல்ல, இடப்பக்கம்" என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். கயிறு வழுக்கியது. ஊஞ்சல்போல் ஆடிவந்த லவுட்ஸ்பீக்கரின் இரும்புக் குழாய் அவருடைய தாடையில் அடித்தது. இரண்டு இடத்தில் முறிவு.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, வாய் திறக்க ஏலாது. திரவச் சாப்பாடு மட்டும். அதையும் ஸ்ட்ரோவால் உறிஞ்ச வேண்டும். சின்னக் கம்பி வெட்டும் குறடு ஒன்றையும் கொடுத்து, சத்தி, அதாவது வாந்தி, வந்து மூச்சு அடைத்தால் மட்டும் கம்பியை வெட்டுங்கள், எந்நேரமும் இதைக் கைக்கெட்டிய இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மீனலோசனி அதை நூலில் கோத்து அவருடைய கழுத்திலேயே போட்டுவிட்டாள்.

பல் பூட்டியிருந்தாலும் உதடும் நாக்கும் அசையும். தம்பிராசா பல்லுக்கிடையால் கதைத்தார். மற்றவர்களுக்கு அது தேனீக்கூட்டுச் சத்தம். மீனலோசனிக்கு மட்டும் விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து சவாரிச் சங்கச் செயலாளர் அரியநாயகம் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. தை மாதச் சவாரிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், தம்பிராசாவுக்கு ஏலாமல் போனால் பட்டணத்திலிருந்து ரஜீபனைக் கூப்பிடப் போகிறோம் என்று சொன்னார். ரஜீபன் கலியாண வீடுகளில் அறிவிப்புச் செய்கிற இளைஞர். சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருக்கிறார், நன்றாகக் கதைப்பார். ஒருமுறை வந்தால் அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

தம்பிராசா எழும்பி நின்று ஏதோ சொன்னார். அரியநாயகம் மீனலோசனியைப் பார்த்தார்.

"தான்தான் அறிவிப்பாராம்" என்றாள் மீனலோசனி. "பிறகு உங்களைப் பற்றியும் ஒண்டு சொன்னவர். அதை நான் சொல்லமாட்டன்."

தம்பிராசா சிரிக்க முயன்றார். நின்றவர் அப்படியே ஆடி, கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். கண் இருட்டிவிட்டது. அரியநாயகம் எழும்பிப் போனார். நோட்டீஸுக்கு மார்கழிக் கடைசிவரை பொறுத்திருக்கலாம் என்று வாசல் படலையில் நின்று மீனலோசனிக்குச் சொன்னாராம்.

அன்று பின்னேரமே மீனலோசனி என்னைத் தேடி வந்தாள். நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, கொழும்பில் நோயாளிகளோடு பல வருடம் இருந்தவள் என்பதால் ஊரில் யாராவது படுத்தால் எனக்கு ஆள் வரும்.

போய்ப் பார்த்தேன். தம்பிராசாவின் கன்னம் உள்ளே போயிருந்தது, இடுப்பில் கட்டிய சாறம் இரண்டாம் மடிப்பு போட்டே நின்றது. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். மீனலோசனி பெருமையாகச் சொன்னாள்: ஒருநாள் விட்டு ஒருநாள் ஊர்க்கோழி அடித்து, துண்டு துண்டாக வெட்டி, மூடிய சட்டிக்குள் போட்டு, அந்தச் சட்டியைக் கொதிதண்ணிக்குள் இறக்கி, மணிக்கணக்காக அவித்துச் சாறு எடுத்துக் கொடுக்கிறாள். அதோடு பால்மாத் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை.

குறை சொல்ல ஏலாத உழைப்பு. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் விழுந்தவனுக்கும் இங்கே பரம்பரையாகக் கொடுப்பது அந்தச் சாறுதான். அப்படியானால் ஆள் ஏன் மெலிகிறார்?

குசினி வாசலில் அவர்களுடைய நாய் ரைகர் படுத்திருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். விலா எலும்பு எண்ணக்கூடிய நாய். இப்போது எண்ணெய் பூசினமாதிரி மயிர் மினுங்கியது. கழுத்து தடித்திருந்தது. என்னைக் கண்டு எழும்பக்கூட அதற்கு மனமில்லை. ஒரு வீட்டில் மனிதன் மெலிந்து நாய் கொழுத்தால், சாப்பாடு எங்கே போகிறது என்று கேட்பது என் தொழில்.

"சாறு எடுத்த பிறகு இறைச்சியை என்ன செய்யிறனீர்?"

"அது சக்கைதானே அக்கா. சத்தெல்லாம் சாறில வந்திட்டுது. நாய்க்குப் போடுறனான்."

அங்கேதான் கிடந்தது விஷயம். கோழியின் ருசியும் உப்பும் கொஞ்சக் கொழுப்பும்தான் சாற்றில் இறங்கும். தசையை வளர்க்கிற புரதத்தில் பெரும்பங்கு இறைச்சியிலேயே நிற்கும். வாசம் மூக்கைத் துளைக்கும், குடித்தவுடன் உடம்பு சூடாகும், தெம்பு வந்தமாதிரி இருக்கும். ஆனால் முறிந்த எலும்புக்கும் உருகிப்போன தசைக்கும் அது காணாது. பால்மாத் தேத்தண்ணி அதைவிட மோசம். ஒரு கரண்டி மாவுக்கு ஒரு கோப்பை தண்ணி.

இதை நான் சொன்னபோது மீனலோசனி கோபப்படவில்லை. திரும்பி ரைகரைப் பார்த்தாள். நாய் வாலை ஆட்டியது. "பாத்தீங்களே அக்கா, கள்ளன்" என்றாள்.

அடுத்த நாள் கோழியை எலும்பு நீக்கி மெத்தென்று அவித்து, கிறைண்டரில் போட்டு, அவித்த தண்ணியையே விட்டுக் களியாக அடித்தோம். ஒரு தும்பு இருந்தாலும் கம்பிக்குள் சிக்கும் என்பதால் வடியில் இரண்டு முறை வடித்தோம். வெந்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், தேசிக்காய்ப் புளி. குசினி முழுக்க மணம். தம்பிராசா ஸ்ட்ரோவை வைத்து ஒரு இழுவை இழுத்தார். கண்ணை மூடினார். பிறகு பேணி காலியாகும்வரை வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. ரைகர் வாசலில் நின்று ஊளையிட்டது.

ஊருக்குள் செய்தி பரவியது. இறைச்சியைக் குடிக்கிற மனிதனைப் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள், வந்தவர்கள் சும்மா போகவில்லை. பக்கத்து வளவு நாகமுத்து இரண்டு பசு வைத்திருப்பவர். அவருக்குக் கோழி பிடிக்கவில்லை.

"எலும்பு ஒட்டுறதுக்குப் பாலைப் போல ஒண்டும் வராது" என்றார். "கன்றுக்குட்டி என்ன கோழி திண்டே வளருது?"

"கன்றுக்குட்டிக்குத் தாடை முறியேல்லையே" என்றாள் மீனலோசனி.

"முறிஞ்சாலும் பால்தான் குடிக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தெரிந்ததைச் சொன்னேன். உள்ளங்கையளவு அவித்த கோழித் தசையில், அதாவது நூறு கிராமில், புரதம் இருபத்தைந்து கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு தம்ளர் பசுப்பாலில் ஆறு, ஆறரைதான். ஒரு கோழித் துண்டுக்கு ஈடாக நாலு தம்ளர் பால் வேண்டும். இரும்புச்சத்தும் கோழியில் கொஞ்சம் உண்டு, பாலில் இல்லையென்றே சொல்லலாம். மீனலோசனியின் முகம் மலர்ந்தது. ஆனால் எலும்பைக் கெட்டியாக்குகிற கல்சியத்தை எடுத்தால் கதை தலைகீழ்: ஒரு தம்ளர் பாலில் இருக்கிற அளவு வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கோழி இறைச்சி தின்ன வேண்டும். இப்போது நாகமுத்துவின் முகம் மலர்ந்தது. வீடு கட்டுவதற்குக் கல்லும் வேண்டும், சீமெந்தும் வேண்டும். எது பெரிது என்று கேட்டுக்கொண்டிருந்தால் வீடு எழும்பாது என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பினேன். காலையில் பால், மத்தியானம் கோழி, இரவு மறுபடி பால் என்று வைத்தோம்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் கிழமை தம்பிராசா கிணற்றடிக்குத் தனியே நடந்தார். மூன்றாம் கிழமை சாறத்தின் இரண்டாம் மடிப்பை அவிழ்த்துவிட்டார். பின்னேரங்களில் முற்றத்தில் நின்று, பூட்டிய பல்லுக்கிடையால் ரைகருக்கும் நாகமுத்துவின் கன்றுக்கும் ஓட்டப்போட்டி அறிவித்தார். வேலிக்கு அங்கால் பெடியள் கூடி நின்று கைதட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கவில்லை, ஆனாலும் யார் வெல்கிறது என்று தெரிந்தது.

அப்போதுதான் பிள்ளையார் பெருங்கதை தொடங்கியது.

கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் விரதம். மீனலோசனி வருடா வருடம் பிடிப்பவள். கையில் இருபத்தோரிழை நூல் கட்டி, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போய்க் கதை கேட்பாள். விரதத்துக்கு முதல்நாள் வீடு கழுவி, மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டி பானை எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிடுவாள். கிறைண்டரும் பரணுக்குப் போய்விட்டது.

பரவாயில்லை, என்னுடைய வீட்டில் கோழி சமைத்து அரைத்துக் கொண்டுவருகிறேன், வெளியில் மாமரத்துக்குக் கீழே வைத்துக் குடிக்கட்டும் என்றேன். மீனலோசனி சம்மதித்தாள். மறுத்தது தம்பிராசா. அவர் சொன்னதை அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த முறை விரதம் அவற்ற தாடைக்காகத்தானே பிடிக்கிறன். நான் பட்டினி கிடக்க, தான் கோழி குடிக்கிறதோ எண்டு கேக்கிறார்."

எனக்கு எரிச்சல் வந்தது. உடம்பு ஏறிவருகிற நேரத்தில் இருபத்தொரு நாள் இடைவெளி. அதைவிட, அந்தக் கிழமை கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டது, ஆனால் முதல் இரண்டு கிழமை உடம்பு இளைத்ததால் இன்னும் பலம் போதாது, கம்பி மேலும் மூன்று கிழமை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நோட்டீஸ் அடிக்கிற நேரம் நெருங்கியது. ஆனால் வாய் அவருடையது. நோயாளி வேண்டாம் என்று சொன்ன சாப்பாட்டைப் புகட்டுவது பராமரிப்பு ஆகாது. கோழி இல்லையென்றால் பாலை வைத்துத்தான் சவாரி ஓட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

நாகமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. விடியப் பால் கறந்ததும் முதல் செம்பு தம்பிராசா வீட்டுக்கு வந்தது. "இப்பதானே சரியான ஆளிட்ட வந்திருக்கிறியள்" என்று படலையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மீனலோசனிக்கு என் கணக்கில் ஒன்று மட்டும் மனதில் நின்றிருக்கிறது: ஒரு துண்டு கோழிக்கு நாலு தம்ளர் பால். விரதத்தின் இரண்டாம் நாள் காலையில் அவள் கோயிலில் பூமாலை கட்டப் போக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு முதல் திரும்ப ஏலாது. ஆகவே கோழித்துண்டைக் கடன் வைக்காமல், நாலு தம்ளரையும் வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அந்த மனிதனைக் குடிக்க வைத்துவிட்டாள். அவரும் சவாரியை நினைத்துக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியிருக்கிறார்.

அவள் கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம் நான் உள்ளே போக, தம்பிராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்புகிறார். முகம் வெள்ளை. நெற்றியில் வியர்வை. கண் பிதுங்குகிறது. விளங்கிவிட்டது: சத்தி வருகிறது, வாய் பூட்டியிருக்கிறது.

மீனலோசனி குறடைப் பிடித்து இழுத்தாள். "வெட்டட்டே அக்கா? வெட்டட்டே?"

அந்தக் கம்பியை வெட்டினால் ஒட்டிவந்த எலும்பு மறுபடி அசையும். மேடை போச்சு. வெட்டாமல் விட்டு, பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆளே போச்சு. யோசிக்க நேரமில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை, இதற்குத்தானே பயிற்சி. அவருடைய பிடரியில் கை வைத்துத் தலையை முழங்காலுக்கு நேரே குனிய வைத்தேன். கன்னங்களை விரலால் இழுத்துப் பிடித்தேன். "விழுங்காதையும். உள்ளுக்கு இழுக்காதையும். அப்படியே விடும், பல்லுக்கிடையால வரும்" என்று சொன்னேன். குடித்தது பால், கட்டி ஒன்றும் இல்லை. பல்லுக்கிடையாலும் மூக்காலும் கொட்டியது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று முதுகில் மற்றக் கையை வைத்துப் பார்த்தேன். இறங்கியது. ஏறியது. மீனலோசனி குறடைத் திறந்து பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு அடைத்திருந்தால் நானே வெட்டு என்று சொல்லியிருப்பேன். அடைக்கவில்லை.

நிலம் முழுக்கப் பால். ரைகர் வந்து நக்கியது. தம்பிராசா தலையை நிமிர்த்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். குறடை மூடிக்கொண்டு மீனலோசனி சிரித்தாள்.

"நாகமுத்துவின்ர மாடு உதைச்ச மாதிரிக் கிடக்குதாம்."

கம்பி அசையவில்லை. வாயைக் கழுவி, டோர்ச் அடித்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பாலை முறையாகக் கொடுத்தோம். அரைத் தம்ளர், கொஞ்சம் இடைவெளி, பிறகு அரைத் தம்ளர். குடித்தபின் படுக்கவிடுவதில்லை. பாலின் அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்ட, கொழுப்பெடுத்த பால்மாவைப் பசுப்பாலிலேயே கரைத்தோம். ஒரு தம்ளரில் கிட்டத்தட்ட இரண்டு தம்ளர் புரதம் வந்துவிட்டது. உழுத்தம்மாவைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சினோம். தயிரைக் கடைந்து உப்புப் போட்டுக் கொடுத்தோம். வயிறு பாலைவிடத் தயிரை இலகுவாக ஏற்றுக்கொண்டது. இரும்புச்சத்துக்கு முருங்கையிலையை அவித்து அரைத்து வடித்துத் தேசிக்காய் பிழிந்தோம். விரதக்காரிக்கும் அதுவே சாப்பாடு. புருஷனும் பெண்சாதியும் ஒரே சட்டிக் கஞ்சியை, அவர் ஸ்ட்ரோவாலும் அவள் கரண்டியாலும் குடித்தார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: கோழி இல்லாத அந்த நாட்களில் அவருடைய நிறை கூடவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. டொக்டர் அடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லாய் ஒட்டியிருக்கு என்றார். அன்றே கம்பியைக் கழற்றினார். மீனலோசனியின் விரதம் முந்தினநாள்தான் முடிந்திருந்தது. எலும்பு ஒட்டியது பிள்ளையாராலா பாலாலா என்று நாகமுத்து கேட்க, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தேங்காய் உடைக்கலாம் என்றாள் மீனலோசனி.

கம்பி போனதும் ஒரு கூச்சல் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். தம்பிராசா வாயைத் திறந்தார். ஒரு விரல் மட்டும் உள்ளே போகும் அளவுக்குத்தான் திறந்தது. அசையாமல் கிடந்த தசை இறுகிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகப் பயம் இருந்தது.

அன்று பின்னேரமே அரியநாயகம் வந்தார். பார்த்தார். நோட்டீஸில் ரஜீபனின் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

"அண்ணை, நீங்களும் மேடையில இருங்கோ. மரியாதைக்கு ஒரு ஓட்டம் தாறன்" என்றார்.

"மரியாதைக்குத் தாறதை வீட்ட கொண்டுபோய் வையும்" என்றார் தம்பிராசா. இம்முறை மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பரணிலிருந்து சட்டிகள் இறங்கின. கோழி திரும்பி வந்தது. இப்போது அரைக்கத் தேவையில்லை. பஞ்சுபோல அவித்து நாராகப் பிய்த்துக் கொடுத்தோம். மென்று தின்னத் தின்னத் தாடைக்கு அதுவே பயிற்சி. பாலையும் நிறுத்தவில்லை. சூட்டு ஒத்தடம், கண்ணாடிக்கு முன்னால் வாய் திறக்கும் பயிற்சி, நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பழைய பஸ் தரிப்பிடங்களைச் சொல்லும் பயிற்சி. பண்ணையிலிருந்து தொடங்கி ஊர்காவற்றுறைவரை ஒரே மூச்சில் வர வேண்டும். முதல்நாள் பண்ணைப் பாலத்தின் பாதியிலேயே மூச்சு முடிந்தது. பொங்கலன்று ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, நாரந்தனைவரை வந்துவிட்டார். வாயில் இரண்டு விரல் போனது. மூன்று விரல் போக வேண்டும்; ஆனால் சவாரிக்கு நாள் இல்லை.

சவாரியன்று திடலில் கால் வைக்க இடமில்லை. காரைநகரிலிருந்தும் வன்னியிலிருந்தும் லொறிகளில் மாடுகள் வந்திறங்கின. ட்ரக்டர் பெட்டியில் கட்டிய மேடையில் ரஜீபன் புதுச் சட்டையோடு மைக் பிடித்து நின்றார். குறை சொல்ல ஏலாது. அழகான குரல், தெளிவான தமிழ். வண்டிகள் ஓடின. அவர் அறிவித்தார். சனம் பார்த்தது. ஆனால் புழுதிக்குப் பின்னால் நின்றவர்கள் ஓட்டம் முடிந்த பிறகுதான் யார் வென்றது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

பி பிரிவின் கடைசி ஓட்டத்துக்கு, மரியாதைக்கு இல்லை, புழுதிக்குப் பின்னால் நிற்கிற சனத்துக்காக என்று சொல்லி, அரியநாயகம் மைக்கை வாங்கித் தம்பிராசாவிடம் நீட்டினார். மீனலோசனி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

வெள்ளைக்கொடி விழுந்தது.

"வெளிக்கிட்டுது வெளிக்கிட்டுது! காரைநகர்ச் சோடி முன்னுக்கு, கரம்பொன் சோடி பின்னுக்கு! முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ, படியில நிக்காதை! உள்ளுக்கு எவ்வளவு இடங் கிடக்கு! இடத்து மாடு இழுக்குது, வலத்து மாடு சீசன் ரிக்கற்றில வருது..."

முழு வாய் இல்லை. இரண்டு விரல் வாய். அந்த இடுக்கால் சொற்கள் முன்னையைவிடக் கூராக, நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வந்தன. திடலின் கடைசியில் ஒரு சத்தம் எழும்பி அலைபோல எங்களை நோக்கி வந்தது. மதில்மேல் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். நான் அவருடைய நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி ஓட்டம். மூச்சு எடுக்கவில்லை. கரம்பொன் சோடி சமனுக்கு வந்தது. எடுக்கவில்லை. முடிவுக் கோட்டுக்கு ஒரு பாய்ச்சல் இருக்க, "கரம்பொன் இறக்கம், கரம்பொன் இறக்கம்!" என்று கத்தினார். கரம்பொன் மாட்டின் மூக்குத்தான் முதலில் போனது. நடுவரின் கொடியும் அதையே சொன்னது.

சனம் மேடையை நோக்கி ஓடிவந்தது. யாரோ ஒருவர் சால்வையைச் சுழற்றி எறிந்தார். ஏ பிரிவுக்கு யார் அறிவிப்பது என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த சோடிகளின் பெயரைத் தம்பிராசா ஏற்கெனவே கூப்பிடத் தொடங்கிவிட்டார். அரியநாயகம் மைக்கை வாங்கலாமா என்று கையை நீட்டினார்.

"விடுங்கோ தம்பி" என்றாள் மீனலோசனி. "ரெண்டு மாசக் கதை உள்ளுக்குக் கிடக்கு. வரட்டும்."

ரஜீபன் சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம்விட்டு, தம்பிராசாவின் காலில் சிக்காமல் மைக்கின் வயரை ஒதுக்கிப் பிடித்தார்.